ஒரு ஹாரன் அடித்தால்

ஒரு ஹாரன் அடித்தால் பிடிக்க வேண்டும், இரண்டு அடித்தால் விட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்லத் தேவராஜுலு, மலை இறங்குவதற்கு முன்னால், திம்பம் டீக்கடை வாசலில் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பதே நாச்சிமுத்துவுக்கு இன்றைக்குத்தான் தெரியப்போகிறது என்பதுபோலக் கையை மேலே இழுத்துக் காட்டினார், கீழே தள்ளிக் காட்டினார், டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணுன்னா புடி. ரெண்டுன்னா உடு. நடுவுல சொந்தமா யோசிக்காத நாச்சி. புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுங்ணா." கணபதிப் பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து நடத்துகிறவன், ஐம்பதைத் தாண்டியவன், பேரன் எடுத்தவன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி "புரிஞ்சுதுங்ணா" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்திருப்பது செத்த வண்டியில். பட்டாளத்து த்ரீ டன்னர் லாரி, ஏலத்தில் எடுத்தது, என்ஜின் உறைந்துபோனது, பேட்டரி கிடையாது, கண்ணாடியில் பாதி கிடையாது. முன்னால் தேவராஜுலுவின் த்ரீ டன்னர், இதே ஜாதி வண்டிதான், ஆனால் மாப்பிள்ளை மாதிரி பச்சைப் பெயின்ட் அடித்து மினுக்கிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. அவர் இழுக்கிறார், இவன் பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் போகிற பக்கமெல்லாம் போகிறான். என்ஜின் ஓடாததால் காற்று ஏறவில்லை, காற்று ஏறாததால் கால் பிரேக் கல்லு மாதிரி கிடக்கிறது. இவன் கையில் இருப்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அதைப் பிடிப்பதற்கும் விடுவதற்கும்கூட அவர் ஹாரன் அடிக்க வேண்டுமாம்.

கண்ணுக்கு முன்னால் தெரிவதும் அவருடைய வண்டியின் பின்பக்கம்தான். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்கும் இரும்பு உருண்டைக்கு வெள்ளையடித்திருக்கிறார். பட்டாளத்து வழக்கம் அது. ராத்திரியில் விளக்கில்லாமல் வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவன் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். கூடப்பிறந்த பழனி அண்ணன், பட்டாளத்தில் டிரைவர், லீவில் வந்தபோது சொல்லியிருக்கிறான், முன்வண்டி வெள்ளையை விட்டுக் கண்ணை எடுத்தா போச்சுடா நாச்சி, எச்சில் முழுங்கக்கூட யோசிப்போம் என்று. தேவராஜுலுவுக்கு ராத்திரியும் கிடையாது, வரிசையும் கிடையாது, சுதந்திர தினத்துக்கு வ.உ.சி. மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு ஒரு வெள்ளை. மாதத்துக்கொரு தடவை ஆள் வைத்துத் துடைக்கிறார். பம்ப் கம்பெனிக்காரர், ஆளுக்கென்ன பஞ்சம். அந்த வெள்ளை உருண்டை வளைவில் இடது பக்கம் ஒதுங்கியது, நாச்சிமுத்து ஸ்டியரிங்கை ஒடித்தான், தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது, கம்பி கிறீச்சென்று முனகி நேரானது. ஒரு ஹாரன். பிடித்தான். டிக் டிக் டிக் என்று பல் ஏறியது, வண்டி தணிந்தது. இரண்டு ஹாரன். விட்டான். பழக்கிய மாடு.

இந்த வண்டியை இவன்தான் எடுத்தான் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. மைசூருக்கு அந்தப் பக்கம் பட்டாளத்தில் கழித்த வண்டிகளை நிறுத்தி வைத்திருந்த பொட்டல், வெயில், பழைய இரும்புக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு டயரை உதைத்துப் பார்த்தபடி நடந்தார்கள். அவர்களுக்கு வண்டி என்றால் எடை. வெட்டிப் போட்டு விற்க வந்தவர்கள் நடுவில், வாங்கிக் கொண்டுபோய்ச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாம் என்று வந்த பைத்தியங்கள் இரண்டே பேர்தான், ஒருவர் தேவராஜுலு, மற்றவன் நாச்சிமுத்து. பட்டாள வண்டிப் பைத்தியம் பிடித்த நாளிலிருந்து தேவராஜுலு கை தூக்கிய வண்டியை இவன் எடுத்ததில்லை, எடுக்க முடிந்ததுமில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு போயிருந்தான். அவருக்கு இந்த வண்டி வேண்டும் என்று தெரியும், உதிரிக்காக வேண்டும், தன் மாப்பிள்ளை வண்டிக்குக் கதவும் பானெட்டும் கழற்றிக்கொள்ள. முறை வந்தது, இவன் கை தூக்கினான், அவர் கை எப்போது எழும்பும் என்று பார்த்துக்கொண்டே நின்றான். எழும்பவில்லை. தேவராஜுலு இவன் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீயே எடுத்துக்க நாச்சி. ஆசைப்படற." கோயில் வாசலில் போடுவதுபோல. ஜெயித்த ருசி நாக்குக்கு வருவதற்கு முன்னால் அதில் மண்ணள்ளிப் போட்டுவிட்டார். அதோடும் விட்டாரா. வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்று இவன் தலையைச் சொறிந்தபோது, "ஏன், நம்ம வண்டி இருக்குதல்ல, நானே இழுத்துக் குடுக்கறேன்" என்றார், அதற்கும் "ரொம்ப நன்றிங்ணா" என்று சொல்ல வேண்டியதாயிற்று. டிரெய்லரில் ஏற்றி கிருஷ்ணகிரி சுற்றிக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் வண்டி சேர்க்கிறவர்கள் மத்தியில் ஒரு கட்டுப்பாடு உண்டு, பட்டாள வண்டியை இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றுவது பிணத்தைத் தூக்குகிற மாதிரி, தன் சக்கரத்தில்தான் அது வீடு வந்து சேர வேண்டும். தேவராஜுலு ஏற்படுத்திய கட்டுப்பாடுதான் அதுவும். அதை மீறி டிரெய்லரில் ஏற்றினால் வாட்ஸ்அப் குரூப்பில் மாலை போட்ட படம் வரும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவையும் இப்படித்தான் எல்லோரும் சிரித்தார்கள். ஆனைகட்டியில் அவருடைய தோட்டம், குடியரசு தினத்துக்கு வண்டிகளை நிறுத்திக் காட்டிவிட்டு வந்த மத்தியானம், வறுவல், பிரியாணி, மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். யாரோ ஒருவன் இந்த த்ரீ டன்னரில் மலை இறக்கத்தில் பிரேக் நிற்காதாமே என்று கேட்டான். தேவராஜுலு எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். "பிரேக் போச்சு, பிரேக் போச்சும்பாங்க. ஓட்டத் தெரியாதவன் பேசற பேச்சு அது. வண்டி என்னைக்கும் உளுகாதப்பா. ஓட்டறவன்தான் உளுவான்." சொல்லிவிட்டு நிறுத்தினார். நாச்சிமுத்து பக்கம் பார்த்தார். எலும்பை வைத்துவிட்டு எச்சில் கையாலேயே இவன் முழங்காலைத் தட்டினார். "உங்கண்ணனைச் சொல்லல நாச்சி." அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். முதல் வாக்கியத்துக்கு யாரும் சிரிக்கவில்லை, அதற்குத்தான் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தான். அதுதான் தீரவில்லை. முழங்காலில் மசாலாக் கறை, மனைவி சுலோச்சனா இரண்டு தடவை துவைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பேண்ட்டைத் துடைக்கிற துணியாக்கிவிட்டாள், கறை மட்டும் இன்றைக்கும் இவன் காலில் இருக்கிறது. பழனி அண்ணன் இதே மாதிரி வண்டியோடு வடகிழக்கில் எங்கேயோ பனி மலையில் பள்ளத்தில் விழுந்தான். வண்டி விழுந்தது என்றார்கள், பெட்டி வந்தது, கொடி வந்தது, ஏன் விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஏன் என்கிற இடம் வீட்டில் காலியாகவே கிடந்தது. காலி என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் அங்கே ஒரு நினைப்பு உட்கார்ந்துதான் இருந்தது. அண்ணன் டிவிஎஸ் ஃபிப்டியையே இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுகிறவன், சிங்காநல்லூர் சந்தில் பால்காரர் மேல் ஏற்றியவன், ஆட்டம் காட்டாமல் அவனால் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. ஒருவேளை அங்கேயும். இந்த ஒருவேளையை நாச்சிமுத்து எந்த ஜீவனிடமும் சொன்னதில்லை, தன்னிடமே முழுதாகச் சொன்னதில்லை. அதைத் தேவராஜுலு எலும்பு கடித்த வாயோடு சபையில் சொல்லிவிட்டார். சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே சட்டையைப் பிடித்திருக்கலாம்.

ஒரு ஹாரன். பிடித்தான். மேலே ஏறி வந்த சத்தி பஸ் உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது, ஜன்னலோரம் ஒரு பொம்பளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், குரங்கொன்று தடுப்புச் சுவரில் உட்கார்ந்து இரண்டு வண்டிகளையும் கம்பியையும் பார்த்தது. இரண்டு ஹாரன். விட்டான். வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் எண் குறைந்துகொண்டே வந்தது. முன்வண்டியின் கேபின் கண்ணாடி வழியாகத் தேவராஜுலுவின் பின்னந்தலை தெரிந்தது, சாயம் போட்ட தலை, பிடரிச் சதை காலருக்கு மேல் பிதுங்கி நிற்கிறது. அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் நாச்சிமுத்துவுக்கு அது புரிந்தது. இந்த மனுஷன் தன் உயிரை இவன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். கொடுத்திருக்கிறோம் என்பதுகூட அவர் நினைப்பில் இல்லை, ஏனென்றால் நாச்சிமுத்து என்றால் பிடி என்றால் பிடிக்கிறவன், விடு என்றால் விடுகிறவன். பிடி என்றபோது பிடிக்காவிட்டால். இந்த வண்டியின் எடை முழுவதும் கம்பி வழியாக அவர் முதுகில் ஏறும். செங்குத்தான வளைவில், அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிற நேரத்தில் பின்னால் இருந்து ஒரு தள்ளு. மாப்பிள்ளை வண்டி சுவரை உடைத்துக்கொண்டு போகும். போகட்டும். அப்போது தெரியும் வண்டி விழுமா ஓட்டறவன் விழுவானா என்று. கம்பியில் கட்டியிருக்கிறதே, நீயும்தானே போவாய் என்று எங்கேயோ ஒரு குரல் கேட்டது, சுலோச்சனாவின் குரல் மாதிரி இருந்தது. இவன் கதவைப் பார்த்துக்கொண்டான். தாழ்ப்பாள் இல்லாத கதவு, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது, இடது கையால் ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்துவிடும், குதிக்கலாம். குதிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. இதையெல்லாம் பட்டறையில் ஒரு துண்டைக் கடைவதற்கு அளவு எடுக்கிற நிதானத்தோடு யோசித்தான், அந்த நிதானம் அவனுக்கே பயமாக இருந்தது, கூடவே எத்தனையோ வருஷமாகக் கிடைக்காத ஒரு சுகமாகவும் இருந்தது. கோர்ட் என்ன சொல்லும், பிரேக் போச்சு என்று சொல்லிவிடலாம். பிரேக் போச்சு. ஓட்டத் தெரியாதவன் பேசற பேச்சு. அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, தனியாகச் சத்தமாகச் சிரித்தான்.

இறக்கம் அதிகமான இடம் வந்தது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன, அவற்றுக்கும் கீழே பவானிசாகர் தண்ணீர் தகரத் துண்டு மாதிரி மின்னியது. வெள்ளை உருண்டை வலதுபுறம் திரும்பத் தொடங்கியது. ஒரு ஹாரன். நாச்சிமுத்துவின் கை பிரேக் கம்பின் மேல்தான் இருந்தது. இழுக்கவில்லை. மிச்சம் நின்றிருந்த ஒரு பல்லையும் அழுத்தி விட்டுவிட்டு, கம்பைக் கடைசிவரை கீழே தள்ளிவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். போ. இன்னொரு ஹாரன் கேட்டது, நீளமாக, கோபமாக. போ. வண்டி தணிந்தது. எப்போதும் தணிகிற மாதிரியே தணிந்து, எப்போதும் திரும்புகிற மாதிரியே முக்கி முனகித் திரும்பியது. ஒன்றும் ஆகவில்லை. பழக்கத்தில் கைகள் ஸ்டியரிங்கை ஒடித்திருந்தன, அவை எப்போது மடியை விட்டுப் போயின என்று தெரியவில்லை. நாச்சிமுத்து கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் வெள்ளை உருண்டையைப் பார்த்துக்கொண்டு போனான். பிறகு பிரேக்கை இழுத்தான். டிக் டிக் டிக். வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. விட்டான். மாற்றமில்லை. இன்னும் மேலே இழுத்தான், இன்னும் மேலே, பல் ஏறிக்கொண்டே போனது, கம்பு கிட்டத்தட்ட மார்புக்கு வந்துவிட்டது. பட்டறைக்காரன் கைக்கு இரும்பின் சுமை தெரியும். இதில் சுமை இல்லை. அடியில் எங்கேயோ பிரேக் கேபிள் அறுந்து கிடக்கிறது. மேலே சத்தம் மட்டும் இருக்கிறது. திம்பத்திலிருந்து இவன் பிடித்ததும் விட்டதும் எல்லாம் அந்தச் சத்தத்தைத்தான். இரண்டு வண்டியையும் இவ்வளவு தூரம் ஒற்றையாகத் தாங்கிக்கொண்டு வந்தது முன்னால் போகிற அந்தப் பிடரிதான், அது அவருக்கே தெரியாது.

அதற்கப்புறம் பழிவாங்கல் எங்கே போயிற்றோ. எரிந்த பிரேக்கின் நாற்றம் வந்தது, அது முன்வண்டியின் நாற்றம், இவன் வண்டியில் எரிவதற்கு என்ன இருக்கிறது. கொன்றுவிடலாம் என்று அளவெடுத்த ஆளின் வலது காலைத் தவிர இந்த உலகத்தில் இவனைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. சொல்ல வேண்டும். ஹாரன் அடிக்கப் பேட்டரி இல்லை. "அண்ணா" என்று கத்தினான். என்ஜின் சத்தத்தில் அது தன் காதுக்கே வரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினான், நிறுத்துங்க, நிறுத்துங்க. முன்னால் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, பார்த்தார், சிரித்தார், தானும் கையை வெளியே நீட்டி ஆட்டினார். ஒரு ஹாரன். இழுத்தான். ஒன்றுமில்லை என்று தெரிந்தும் இழுத்தான், இரண்டு கையாலும் இழுத்தான், ஸ்டியரிங்கை முழங்காலால் முட்டுக்கொடுத்து, உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பி இழுத்தான். இப்படித்தானே, என்று ஒன்று உள்ளே சொன்னது. இப்படித்தானேடா இருந்திருக்கும். கையில் கம்பு இருக்கிறது, பல் ஏறுகிற சத்தம் கேட்கிறது, அடியில் அறுந்து கிடக்கிறது, எவ்வளவு நல்ல டிரைவராய் இருந்தால் என்ன, இரண்டு கையையும் விட்டு ஓட்டுகிறவனாய் இருந்தாலும்தான் என்ன, அன்றைக்கு அவன் இரண்டு கையாலும் இழுத்திருப்பான். இழுத்துக்கொண்டே போயிருப்பான். நாச்சிமுத்துவுக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை, வெள்ளை உருண்டை கலங்கி இரண்டாகத் தெரிந்தது, இரண்டில் எதன் பின்னால் போவது என்று தெரியாமல் நடுவில் போனான். பலகைகளை அப்புறம் பார்க்கவில்லை. அண்ணே, அண்ணே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் விழுந்த அண்ணனையா முன்வண்டியில் போகிற அண்ணனையா, யாரைக் கூப்பிட்டான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

பண்ணாரியில் சமதளம் வந்ததும் புளியமரத்து நிழலில் தேவராஜுலு வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்தவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, வலது கால் தன்னால் நடுங்கிக்கொண்டிருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் சக்கரத்தின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "யப்பா. இந்த லோடு இந்த இழுப்பு இழுக்கும்னு நெனைக்கல நாச்சி. நல்ல வேளை நீ பின்னாடி கரெக்டாப் புடிச்ச. ஒரு வளைவுல மட்டும் ஏமாந்துட்ட, அதான் நீட்டி அடிச்சேன். மத்தபடி உன்ற கை புண்ணியத்துலதான் கீழ வந்து சேந்தோம்." நாச்சிமுத்து கயிற்றை அவிழ்த்து இறங்கினான். "நான் புடிக்கலைங்" என்றான். "என்னது?" "இது புடிக்கறதே இல்லைங். ஏறி இழுத்துப் பாருங்க." தேவராஜுலு ஏறினார். இழுத்தார். டிக் டிக் டிக் என்றது. மறுபடி இழுத்தார், கம்பு மார்புவரைக்கும் வந்தது. அவர் கீழே குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், திரும்பி மலையைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டார். "எப்ப இருந்து?" "மேல இருந்தே." "சொல்லியிருக்கலாமல்ல?" "கையாட்டுனனுங்களே. நீங்களும் ஆட்டுனீங்க." அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனை வருஷமாக இந்த முகத்துக்காகக் காத்திருந்தான். குளிக்கும்போது, லேத் ஓட்டும்போது, தூக்கம் வராதபோது எத்தனை விதமாகப் பேசிப் பார்த்திருப்பான், சபையில் எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக. அதெல்லாம் இப்போது ஒன்றும் வரவில்லை. "எங்கண்ணனும் இழுத்திருப்பானுங்" என்றான். தேவராஜுலு இவனைப் பார்த்தார். "எவரு? யாரைச் சொல்ற?" நடிக்கவில்லை. முகத்தில் நடிப்பு இல்லை, அது இவனுக்குத் தெரிந்தது. உங்கண்ணனைச் சொல்லல நாச்சி என்று எலும்பை வைத்துவிட்டு முழங்காலைத் தட்டிய மத்தியானம் அந்த மனுஷன் தலையில் எங்கேயும் இல்லை. கையைக் கழுவினதோடு அதையும் கழுவிவிட்டார். சரி. வாயால் சொன்னால் இவர் மண்டையில் ஏறாது.

"சாவியக் குடுங்க" என்றான் நாச்சிமுத்து. "இனி நான் இழுக்கறேன். நீங்க அதுலயே உக்காந்துக்குங்க." தன் வண்டியின் ஸ்டியரிங்கைத் தேவராஜுலு இதுவரை பெற்ற மகனுக்குக்கூடக் கொடுத்ததில்லை. வாயைத் திறந்தார். நடுங்குகிற காலைப் பார்த்தார். சாவி இவன் கைக்கு வந்தது, ஈரமாக இருந்தது. அந்த ஒரு வளைவில் வேண்டுமென்றே பிரேக்கை விட்டது இவன்தான் என்பது வேறு கதை, அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை, அது இவனோடு இருக்கட்டும். "ஒண்ணுன்னா புடிங்க, ரெண்டுன்னா உடுங்க" என்றான். "அதுதான் புடிக்காதே" என்றார் தேவராஜுலு. குரல் சின்னதாகிவிட்டிருந்தது, கடைசியில் வழக்கமாக வரும் அந்த நாச்சியும் அதில் இல்லை. இவன் முன்வண்டிக்கு நடந்துபோய் ஏறினான். மாப்பிள்ளை வண்டியின் சீட் மெத்தென்று இருந்தது. பண்ணாரியிலிருந்து சத்திக்குப் பாதை சமம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஓடைப் பாலத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இறக்கம், சைக்கிளில் போகிறவன்கூட பிரேக் பிடிக்காத இறக்கம். அங்கே நாச்சிமுத்து காலைப் பிரேக்கில் தயாராக வைத்துக்கொண்டு ஹாரனை அடித்தான். ஒன்று. பக்கக் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் அந்த உடைந்த கண்ணாடிக்குள், உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பி, இரண்டு கையாலும் தேவராஜுலு இழுத்துக்கொண்டிருந்தார்.